இரண்டு மணி நேரமும் ஒரு நாளே

திருமலைக் கோயிலில் நெடுங்காலம் மிராசு முறை வழங்கி வந்ததைச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் அன்பர்கள் அறிவார்கள். அர்ச்சகர் குடும்பங்கள் முறை வைத்துப் பணி புரிந்தன. தம் முறைக்குரிய காலத்தில் பிரசாதத்திலும் வரும்படியிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஓய்ந்திருக்கும் நாளுக்கு ஊதியம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. 1987-ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேச அறநிலையச் சட்டம் மிராசு உரிமையை நீக்கிற்று. 1996-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. பங்கு போய்ச் சம்பளம் வந்தது.

ஓய்வுக்கும் ஊதியம் என்னும் எண்ணம் நம் நாட்டுச் சட்டத்தில் ஆலைகளின் வழியாகவே நுழைந்தது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1936-இல் இதற்கென ஓர் உடன்படிக்கை செய்தது. சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1945-இல், ஆலைத் தொழிலாளருக்கு ஆண்டில் பத்து நாள் கிடைத்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம், உழைத்த இருபது நாளுக்கு ஒரு நாள் என்று வகுத்தது. ஆண்டில் 240 நாள் உழைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1954-இல் சேர்ந்தது. 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் அதை 180 ஆகக் குறைத்தது.

ஆலையில் சங்கு ஊதுகிறது. நாளின் தொடக்கமும் முடிவும் தெரிகின்றன. சித்தூரிலிருந்து எல்லை தாண்டினால் வரும் வேலூர், குடியாத்தம் வட்டாரத்தில், அடுப்பு வேலைக்கு இடையே முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கு நாள் எது? சட்ட வாசகங்களைத் தமிழாக்கிக் காலம் கழிக்கும் எனக்கு, இந்தச் சிறு சொல் தந்த தொல்லை கொஞ்சமன்று.

1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அதற்கு விடை சொல்லிற்று. நள்ளிரவு தொடங்கி இருபத்துநான்கு மணி நேரத்துள் எவ்வளவு நேரம் உழைத்தாலும், வீட்டுத் தொழிலாளியின் விடுமுறை ஊதியக் கணக்கில் அது ஒரு நாளே என்றது. துணிச்சலான விளக்கம்!

கணக்கைப் பார்ப்போம். நாளுக்கு இரண்டு மணி வீதம் ஆண்டில் 260 நாள் சுற்றினாள் ஒருத்தி. இருபதால் வகுத்தால் விடுமுறை 13 நாள். விடுமுறைக்கு முந்திய மாதத்தில் 20 நாள் உழைத்து 500 ரூபாய் பெற்றிருந்தால், சராசரி 25 ரூபாய். 13 நாளுக்கு 325 ரூபாய். குறைந்த நேரம் உழைத்ததன் குறைவு அந்தச் சராசரியிலேயே அடங்கிவிட்டது. நேரம் குறைவு என்று நாட்களையும் வெட்டினால், ஒரே குறைக்கு இருமுறை பிடித்தம் செய்ததாகும். குறைநேரப் பணியாளர் கணக்கில் இன்றும் பலர் இடறும் இடம் இது.

பீடி உற்பத்தியாளர்கள் இச்சட்டத்தை எதிர்த்து வழக்காடினர். 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.