தோட்டத்து மக்களும் போர்ப்படங்களும்

போர்டிக்சன் என்றதும் கடற்கரையை நினைப்பவரே பலர். ஆயினும் அது படைவீட்டு ஊருமாகும். மலாய் ரெஜிமெண்டின் முதல் 25 வீரர்கள் 1933 மார்ச் முதல் தேதி பயிற்சி தொடங்கியது அங்கேதான். சுற்றிலும் சுவா பெத்தோங், தானா மேரா, சிலியாவ் முதலான ரப்பர்த் தோட்டங்கள். பாசறையும் பால்மரமும் அடுத்தடுத்து நின்ற இவ்வட்டாரத்தில் போர்ப்படம் வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் அவசரகாலம் பிறந்தது. அது 1960 ஜூலை வரை நீடித்தது. போர் என்று ஒப்புக்கொண்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நஷ்டஈடு தரமாட்டா என்பதாலேயே அப்பெயர் வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. காட்டிலிருந்து போராடியவர்களைச் சர்க்கார் முதலில் ‘கொள்ளைக்காரர்’ என்றது. 1952 முதல் ‘கம்யூனிஸ்டு பயங்கரவாதிகள்’ என்றது. பெயர் சூட்டும்போதே அரசியல் தொடங்கிவிடுகிறது.

அந்த 1952-இல் வந்த ஆங்கிலப் படம் ‘தி பிளாண்டர்ஸ் வைஃப்’, அதாவது தோட்டத் துரையின் மனைவி. கிளாடெட் கோல்பெர், ஜாக் ஹாக்கின்ஸ் நடித்தது. முள்வேலிக்குள் துப்பாக்கியேந்திப் பங்களாவைக் காக்கும் தம்பதியின் கதை. மலாயாவின் ரப்பர்த் துரைமாருக்கே அதைக் காணிக்கையாக்கியிருந்தார்கள். இங்கிலாந்தில் அதற்கு நல்ல கூட்டம். அமெரிக்காவிலோ ‘மலாயாவில் ஒரு காவல் அரண்’ என்னும் பொருளில் பெயரை மாற்றினார்கள். கொரியாவில் போரிட்டுக்கொண்டிருந்த நாட்டுக்கு மனைவியைவிட அரண் பொருத்தம் போலும்! புகழ்பெற்ற நடனக் கலைஞர் ராம் கோபால் ‘நாயர்’ என்ற பாத்திரத்தில் வருகிறார். ஆயினும் கதை பங்களாவில் நடப்பது, லயத்தில் நடப்பதன்று.

லயத்திலோ ஓர் அரசியல் அல்ல, பல இருந்தன. தொழிற்சங்க சம்மேளனத் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் வீரசேனன் சுடப்பட்டு மாண்டார். இவ்விருவரையும் தம்மவராகக் கருதியவருக்குத் திரையில் சாகும் ‘கொள்ளைக்காரன்’ முகமற்றவனாகத் தோன்றுவானா? நெகிரி செம்பிலானிலேயே பி. பி. நாராயணன் மிதவாதச் சங்கம் நடத்தி வந்தார். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அவ்வழி சென்றவருக்கும், காட்டுக்காரரின் துப்பாக்கிக்கு உறவினரைப் பறிகொடுத்தவருக்கும், அதே காட்சியில் காவல்காரனே மீட்பன். இத்தனைக்கும் இவர்கள் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள்.

1946-இல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட்டின் படங்களை, தமிழ் விளக்கவுரையுடன், செய்தி இலாகாவின் வேன்கள் தோட்டம் தோட்டமாகக் கொண்டு சென்றன. இலவசக் காட்சிக்குத் திரள்வது ஒன்று. அதன் கருத்தை ஏற்பது வேறொன்று.

1957-இல் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ வெளிவந்தது. இலங்கையின் கித்துல்கலையில் எடுத்த அப்படம் ஏழு ஆஸ்கர் பெற்றது. எங்கள் கர்னல் எதிரிக்கு இப்படிப் பாலம் கட்டித் தந்தவரல்லர் என்று முன்னாள் பிரிட்டிஷ் கைதிகள் சினந்தனர். எங்கள் எஞ்சினீயர்களை ஒன்றும் தெரியாதவர்களாகக் காட்டலாமா என்று ஜப்பானியர் குறைப்பட்டனர். ஆளுக்கொரு பக்கம்! ஆனால் 415 கிலோமீட்டர் நீண்ட அந்த ரயில்பாதையில் உழைத்த நேசநாட்டுக் கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். ஆசியத் தொழிலாளரோ அதைப்போல் மும்மடங்குக்குக் குறையாதவர். அவர்களில் பல்லாயிரவர் மலாயாத் தோட்டத் தமிழர். படத்தில் அவர்களுக்குக் கதையே இல்லை. சயாமுக்குப் போன தகப்பன் திரும்பாத வீட்டுப் பிள்ளை அந்தப் பாலத்தில் யாரைத் தேடியிருப்பான்? ‘சயாம் மரண ரயில்’ என்று ஆர். சண்முகம் பின்னாளில் எழுதிய நாவலில்தான் அந்தக் கூலிகள் கதைமாந்தர் ஆனார்கள்.