நியூயார்க் ஒரே மாசத்துல பிடுங்கிய சைக்கிள் பாதை

போன வாரம் ஆபீஸ் போற வழியில ஒரு பஸ் என்னை ஓவர்டேக் பண்ணி, அப்படியே இடது ஓரமா ஸ்டாப்புக்குள்ள நுழைஞ்சுது. அந்த ஓரத்துலதான் நான் சைக்கிள்ல போய்க்கிட்டிருந்தேன். பிரேக் பிடிச்சதால இந்த எபிசோட் இருக்கு. பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் அதே ஓரம்தான் வேணும். இந்தச் சிக்கல்ல ஒரு தடவை நல்லா அடி வாங்கின ஊர், நியூயார்க்.

1980 ஏப்ரல்ல அங்க சப்வே, பஸ் ஊழியர்கள் 11 நாள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. ஜனங்க நடந்தாங்க, சைக்கிளை எடுத்தாங்க. மேயர் எட் கோச் சீனாவுக்குப் போய் அங்க சைக்கிள் கூட்டத்தைப் பார்த்து அசந்துபோனவர் வேற. அந்த வருஷமே மன்ஹாட்டன் நடுவுல, ஃபிஃப்த், சிக்ஸ்த், செவன்த் அவென்யூக்கள், பிராட்வே எல்லாத்துலயும் தடுப்பு வச்சுத் தனி சைக்கிள் பாதை போட்டார். பஸ் ரூட்டுகள் ஓடுற தெருக்கள் இவை.

கடைக்காரங்க, டாக்ஸிக்காரங்க எல்லாரும் கத்தினாங்க. ஜனாதிபதி கார்ட்டரோட கார்ல போகும்போது, ஆளுநர் ஹியூ கேரி அந்தப் பாதையைக் காட்டி, ‘உங்க காசை இவர் எப்படி வீணடிக்கிறார் பாருங்க’ங்கிற மாதிரி கிண்டலடிச்சாராம். கோச்சே பின்னாடி சொன்ன கதை இது. போதுமான பேர் ஓட்டலைன்னு சொல்லி, நவம்பர்ல எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்க.

குளிர்காலம் வர்ற நேரத்துல திறந்து, ஒரு மாசத்துல ஆள் எண்ணினா வேற என்ன வரும்? புரொடக்‌ஷன்ல போட்ட ஃபீச்சரை முதல் வார டேட்டா பார்த்து ரோல்பேக் பண்ற மேனேஜரை எனக்கும் தெரியும்.

1987ல அதே கோச் ஒரேயடியா தலைகீழா திரும்பினார். ஃபிஃப்த், பார்க், மேடிசன் அவென்யூக்கள்ல, மிட்டவுன் பகுதியில வார நாட்கள்ல பகல் 10 மணியிலிருந்து 4 மணி வரைக்கும் சைக்கிளே கூடாதுன்னு தடை. அடி விழுந்தது சைக்கிள் கூரியர் பசங்களோட பிழைப்புல. அவங்க கூட்டமா தெருவுல இறங்கிப் போராடினாங்க. தடையை முறைப்படி அறிவிக்கலைன்னு கோர்ட் அதைத் தள்ளிடுச்சு.

அப்புறம் 2007. போக்குவரத்துத் துறைக்கு ஜேனட் சாதிக்-கான் வந்தாங்க. நைன்த் அவென்யூல அவங்க டீம் பண்ணினது ரொம்ப எளிமையான ஒரு இடமாற்றம். நடைபாதையை ஒட்டி நின்ன கார்களை நடுத்தெருப் பக்கம் தள்ளி நிறுத்தி, நடைபாதைக்கும் கார்களுக்கும் நடுவுல சைக்கிளை விட்டாங்க. நிக்கிற காரே சுவர்! பார்க்கிங் முழுசா போயிடலை, அதனால கத்தலும் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.

பஸ் சிக்கலுக்கு நேரடியா பதில் வந்தது 2010ல, ஃபர்ஸ்ட், செகண்ட் அவென்யூக்கள்ல. அமெரிக்காவுல வண்டிகள் வலது பக்கம் ஓடும், பஸ்ஸோட கதவும் வலது பக்கம். இந்த ரெண்டு தெருவும் ஒன்வே. அதனால எம்15 பஸ்ஸுக்கு வலது பக்கம் தனி லேன், சைக்கிளுக்கு இடது ஓரம்னு பிரிச்சுட்டாங்க. டிக்கெட்டையும் ஏறுறதுக்கு முன்னாடியே ஸ்டாப் மெஷின்ல எடுக்கணும்னு அப்போ வச்சாங்க, அதனால பஸ் அதிக நேரம் நிக்க வேண்டியதில்லாம போச்சு. ஸ்டாப்புல பஸ்ஸும் சைக்கிளும் சந்திக்கவே வேண்டாம்.

முழுசா தீர்ந்துடுச்சான்னா, இல்லை. நைன்த் அவென்யூல சைக்கிளுக்குத் தனி சிக்னல் வச்சாங்க. பின்னாடி வந்த பாதைகள்ல நிறைய முனைகள்ல அது இல்ல. திரும்புற காரும் நேரா போற சைக்கிளும் ஒரே இடத்துல கலக்கணும். அதாவது எங்க ஆபத்து அதிகமோ அங்க வந்ததும் சுவர் முடிஞ்சிடுது. இன்னிக்கு அந்த முனைகளை அதிகம் கடக்குறவங்கள்ல, கூரியர் பசங்களோட இடத்துக்கு வந்திருக்கிற உணவு டெலிவரி தொழிலாளிகளும் இருக்காங்க.

கோச் பிடுங்கின சிக்ஸ்த் அவென்யூல 2016ல மறுபடி தடுப்போட பாதை வந்துச்சு, இடது ஓரத்துல.