சித்திரச் சுவரில் சேதுபதியின் உள்ளம்

வரலாற்றைச் செப்பேட்டில் படிக்கிறோம்; கல்வெட்டில் படிக்கிறோம்; கடல் கடந்து வந்த வணிகர்கள் எழுதி வைத்த ஏடுகளில் படிக்கிறோம். நடந்தது இன்னதென்று இவை கூறும். நடத்தியவனின் உள்ளம் அவ்வேளையில் எவ்வாறு இருந்தது என்று கேட்டால், இவற்றுள் பல வாய் திறவா. அவ்வினாவுக்கு விடை தரவல்லவை மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்று சித்திரம். ஆனால் சித்திரத்தின் மொழியே வேறு. அதனைக் கற்றுக்கொண்டு படிப்போர்க்கே அது பேசும்.

சேது நாட்டில் பிறந்த நமக்கு அத்தகைய ஏடு ஒன்று அருகிலேயே விரிந்து கிடக்கிறது. இராமநாதபுரம் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசமே அது. போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிய ரகுநாத கிழவன் சேதுபதியின் காலத்தில் எழுந்த மண்டபம் என்பர். இராமநாதபுரக் கோட்டையைக் கல்லால் எழுப்ப, கீழக்கரை வள்ளல் சீதக்காதி அம்மன்னருக்குத் துணை நின்றார் என்பது வழிவழியாக நாம் கேட்டுவரும் செய்தி. கிழவன் சேதுபதி 1710இல் மறைந்தார். அவருக்குப் பின் அரியணை ஏறிய முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியில், இம்மண்டபத்தின் சுவர்களும் விதானங்களும் சித்திரங்களால் நிறைந்தன. 1978 முதல் இவ்விடம் தமிழகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

கண்ணுக்குத் தெரிவன

இச்சித்திரங்களின் முன் பலமுறை நின்றிருக்கிறேன். முதலில் கண்ணைக் கவர்வது செந்நிறம். காவியும் மஞ்சளும் பச்சையும் கருமையும் அதனோடு கலந்து வருகின்றன. இராமாயணமும் பாகவதமும் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. காட்சிகளை விளக்கும் தமிழ் எழுத்துகளும் ஆங்காங்கே உள்ளன. ஆனால் வரலாறு தேடிச் செல்வோரை ஈர்ப்பவை அரசியற் காட்சிகளே. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் முதலாம் சரபோஜியின் படையோடு சேதுபதியின் படை பொருதும் காட்சி ஒன்று. இராஜராஜேசுவரி தேவியிடமிருந்து மன்னர் செங்கோல் பெறும் காட்சி மற்றொன்று. மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதியைச் சிறப்பிக்கும் காட்சியும், தொப்பி அணிந்த ஐரோப்பியர் அவர் முன் நிற்கும் காட்சியும் உள்ளன. மேல் மாடத்திலோ மன்னர் மகளிரோடு இன்புற்றிருக்கும் காட்சிகள்.

போர்க் காட்சியை நெருங்கிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. குதிரைகள் பாய்கின்றன, ஆயுதங்கள் மோதுகின்றன. ஆயினும் முகங்களில் சினம் இல்லை, அச்சம் இல்லை, வலி இல்லை. எல்லாரும் பக்கவாட்டில் முகம் காட்டுகின்றனர். எல்லார்க்கும் அகன்ற விழி. வெல்வோனையும் வீழ்வோனையும் முகத்தைக் கொண்டு பிரித்தறிய இயலாது. அப்படியானால் இச்சித்திரத்தில் உணர்ச்சியே இல்லையா?

உண்டு. அது முகத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. யார் பெரிதாகத் தீட்டப்பட்டுள்ளார், யார் சிறிதாக ஒதுங்கி நிற்கிறார், குடை யார் தலைக்கு மேல், குவிந்த கை யாருடையது என்று நோக்க வேண்டும். ஓவியன் மன்னரின் பெருமிதத்தை அவர் புன்னகையில் வைக்கவில்லை. அவரைச் சூழ நிற்போரின் பணிவில் வைத்திருக்கிறான்.

வேறுவகை ஓவியமும் இந்நாட்டில் இருந்தது. 1618இல் மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், அபினியாலும் நோயாலும் உருக்குலைந்து மரணத் தறுவாயில் கிடந்த தம் அரசவையினர் இனாயத் கானைக் கண்டு அதிர்ந்து, அவரை அப்படியே வரையுமாறு ஓவியர்களைப் பணித்தார். அச்செய்தியைத் தம் நினைவேட்டிலும் எழுதி வைத்தார். அவ்வோவியம் இன்று ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் உள்ளது. விலாவெலும்பு தெரியும் மார்பும் குழிந்த கண்ணும் காண்போர் நெஞ்சை உலுக்குவன. அங்கே உணர்ச்சி உடலில் எழுதப்பட்டது. இராமநாதபுரத்திலோ அது வரிசையில் எழுதப்பட்டது. ஒன்றைப் படிக்கும் முறையில் மற்றொன்றைப் படித்தால் பொருள் தவறிவிடும்.

பெருமிதத்தின் பின்னே

இனி அடுத்த கேள்வி. இப்பெருமிதம் உண்மையா? இதற்கு விடை காணச் சுவரை விட்டுச் சற்று விலக வேண்டும்.

தொடக்கத்தில் சேதுபதிகள் மதுரை நாயக்கருக்கு உட்பட்டவர்கள். கிழவன் சேதுபதியே அப்பிடியை உதறித் தனித்து நின்றவர். ஆகவே நாயக்கர் வந்து சேதுபதியைச் சிறப்பிக்கும் காட்சி வெறும் விருந்தோம்பல் அன்று. நேற்று யாருக்குப் பணிந்தோமோ அவரே இன்று நம்மைப் போற்றுகிறார் என்று சொல்லிக்கொள்ளும் மனத்தின் வெளிப்பாடு அது. தொப்பியணிந்த ஐரோப்பியரை ஒல்லாந்தர் எனக் கருதுவர். சுவரில் அவர்கள் மன்னர் முன் அடங்கி நிற்கின்றனர். கடலிலோ அவர்கள் கை ஓங்கியிருந்த காலம் அது. முத்துக்குளிப்பிலும் கடல் வணிகத்திலும் அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டே சேது மன்னர்கள் காலம் கழித்தனர். கடலில் பெற இயலாத பணிவைச் சுவரில் பெற்றார் மன்னர் என்றால் அது மிகையாகாது.

இதற்கு வலுவான சான்று கமுதியில் நிற்கிறது. சேது நாட்டின் தென்மேற்குப் பகுதியில், குண்டாற்றங்கரையில், சிதைந்து கிடக்கும் கமுதிக் கோட்டை இதே முத்து விஜய ரகுநாத சேதுபதி கட்டுவித்தது என்பர். பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவர் அதற்கு உதவினார் என்பதும் வழக்கு. சித்திரம் தீட்டச் செய்தவரும் கோட்டை கட்டச் செய்தவரும் ஒருவரே. எப்போதும் வெற்றியே காணும் மன்னருக்கு எல்லையில் கோட்டை எதற்கு? இராமநாதபுரத்துச் சுவர் மன்னர் பிறர்க்குக் காட்ட விரும்பிய முகம். கமுதிச் சுவர் அவர் இரவில் எண்ணிக் கவன்ற கவலை. இரண்டையும் பார்த்தவரே அவர் உள்ளத்தை முழுமையாகப் படித்தவர் ஆவார்.

அக்கவலை வீண்போகவில்லை என்பதையும் வரலாறு காட்டுகிறது. அவர் மறைந்தபின் வாரிசுப் போட்டி மூண்டது. சுவரில் தோற்று ஓடிய தஞ்சை மராட்டியரே அப்போட்டியில் படையோடு தலையிட்டனர். சேது நாட்டின் வட பகுதி கைவிட்டுப் போயிற்று. 1730ஐ ஒட்டிச் சிவகங்கை தனிச் சீமையாயிற்று.

தீட்டப்படாத காட்சி

இம்மன்னரைப் பற்றிய செவிவழி வரலாறு ஒன்று இராமேசுவரம் தீவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தம் மக்கள் இருவரையும் அவர் ஒருவருக்கே மணமுடித்துக் கொடுத்திருந்தார். தீவின் நிருவாகம் அம்மருமகனிடம் இருந்தது. பாம்பன் துறையில் யாத்திரிகரிடம் பெற்ற ஓடக்காசு தொடர்பாக அவர்மீது குற்றம் எழ, மன்னர் அவருக்கு மரண தண்டனை விதித்தார். கணவனை இழந்த அக்காளும் தங்கையும் தீயில் மாய்ந்தனர். அவர்கள் நினைவாக எழுந்த மடங்களே அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று ஊர்ப்பெயர்களாக நிலைத்தன என்பர்.

இத்துயரை நெஞ்சில் வைத்துக்கொண்டு இராமலிங்க விலாசத்தின் மேல் மாடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே எல்லாம் இன்பம்; எல்லாம் இசைவு. இரண்டு மக்களை இழந்த தந்தை ஒருவர் அங்கே இல்லை. அரசன் அழலாகாது என்பது அக்கால அரண்மனையின் இலக்கணம். அவ்விலக்கணத்துக்கு ஓவியனும் கட்டுப்பட்டான். அரண்மனைச் சுவர் ஏற்க மறுத்த கண்ணீரை, தீவின் எளிய மக்கள் இரண்டு ஊர்களின் பெயரில் ஏந்திக் காத்தனர்.

பார்ப்பவன் தன் மனத்தையே சித்திரத்தில் காண்கிறான் என்று கூறுவார் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை. அதற்கு மாற்று உண்டு. முதலில் சுவரில் உள்ளதை மட்டும் பார்க்க வேண்டும். பின்னர் அது யாருக்குக் காட்டுவதற்காக எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும். இறுதியில் கோட்டை, செப்பேடு, ஊர்ப்பெயர், செவிவழிச் செய்தி ஆகிய பிற சான்றுகளின் அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். பல சான்றுகள் ஒன்றையே சொல்லும்போது நம் உணர்வை நாம் நம்பலாம். ஒன்றும் ஒத்துவராதபோது அதனை அங்கேயே விட்டுவிடுவதே நேர்மை.

நமக்கும் இதில் பங்குண்டு

நம் இல்லங்களில் உருவச் சித்திரம் இடம்பெறுவதில்லை. எழுத்தணியும் பூவேலையுமே நம் கண்ணுக்குப் பழகியவை. அதனால் அரண்மனைச் சித்திரம் நமக்கு அயலானது என்று ஒதுங்கிவிடுதல் கூடாது. சேதுபதிகளின் வரலாறு நம் வரலாற்றோடு பின்னியது. சீதக்காதி வள்ளலுக்கு 'விஜய ரகுநாத' என்னும் தம் பட்டத்தையே சேதுபதி சூட்டினார். ஏர்வாடி தர்காவுக்குச் சேது மன்னர்கள் நிலம் அளித்தனர். இராமநாதபுரத்துச் சுவரில் சீதக்காதியின் பெயர் தாங்கிய காட்சி எதுவும் என் கண்ணில் படவில்லை. அதற்காக அவர் அங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த மண்ணில் கல்லோடு கல்லாக அவர் கொடை கலந்திருக்கிறது. சித்திரத்தில் இருப்பவர் மட்டுமே வரலாற்றில் இருந்தவர் அல்லர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இராமநாதபுரம் வழியாகவே நம்மவர் பலர் செல்கின்றனர். அப்பயணத்தில் ஒரு மணி நேரத்தை இராமலிங்க விலாசத்துக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மன்னர் எங்கே நிற்கிறார், பிறர் எங்கே நிற்கின்றனர் என்று அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். காரை பெயர்ந்து, வண்ணம் மங்கி, சில இடங்களில் உருவமே மறைந்து வருகிறது. மற்றொரு நாள் கமுதிக் கோட்டையையும் காட்டுங்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மனிதரின் பெருமிதமும் கவலையும் அவ்விரண்டு சுவர்களுக்கு இடையே கிடப்பதை அவர்கள் தாமே கண்டுகொள்வார்கள்.