மைசூர்ப் பாடகரும் ஷரீஃபின் ஹுக்காவும்: ரகு தீட்சித்தின் முதல் இசைத்தொகுப்பு பற்றி

மைசூரில் வளர்ந்த ரகு தீட்சித்தின் முதல் இசைத்தொகுப்பு 2008இல் வெளிவந்தது. அன்று முதல் அதைப் பற்றி எழுதியவர்களில் பலர் ஒரே முடிவைத்தான் சொல்லிவருகிறார்கள்: மண்ணின் நாட்டார் பாடலைக் கிதாரில் ஏற்றி, வேருக்குத் திரும்பிய முயற்சி. அதில் மறுக்க வேண்டியது நிறைய இருக்கிறது. இத்தொகுப்பை நடத்திச் செல்வது மண் அன்று, வேடம். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கிளாம் ராக், ஆர்ட் ராக் என்று பெயர் பெற்ற இசையின் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் இதன் நுட்பம் பிடிபடும்.

வேர் என்போர் முதலில் காட்டும் சான்று 'குடுகுடிய சேதி நோடோ'. கன்னடக் கவிஞர் சிசுநாள ஷரீஃபின் (1819–1889) தத்துவப் பாடல் அது. அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, அது நாட்டார் பாடலே அன்று. ஆசிரியர் பெயர் அறியாத வாய்மொழிப் படைப்புக்கும், கோவிந்த பட்டரைக் குருவாகக் கொண்டு ஞானம் பாடிய ஒரு கவிஞரின் படைப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறியதன்று. இரண்டாவது, ஷரீஃபின் ஊர் வட கர்நாடகத்தின் ஹாவேரிப் பகுதியைச் சேர்ந்தது. அவர் பாடல்களின் கன்னடம் அங்கே பேசப்படும் கன்னடம். மைசூர்த் தெருவில் அந்தப் பேச்சு கேட்காது. மைசூர்க்காரர் ஒருவர் ஷரீஃபைப் பாடும்போது வேறொரு வட்டாரத்தின் நாக்கை எடுத்து அணிந்துகொள்கிறார். தன் வேரைத் தேடிப் போகிறவர் செய்யும் காரியம் இதுவாக இருக்க முடியாது. மூன்றாவது, ஷரீஃபுக்கும் ரகு தீட்சித்துக்கும் நடுவே டி. எஸ். நாகாபரணா இயக்கிய 'சந்த சிசுநாள ஷரீஃபா' (1990) என்ற திரைப்படம் நிற்கிறது. அதற்கு இசை சி. அஸ்வத். ஷரீஃப் பாடல்களை நகரத்துக் காதுகளுக்குப் பழக்கியதில் அஸ்வத்தின் குரலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே 2008இன் பாடகர் கைக்கு வந்து சேர்ந்த ஷரீஃப், மேடையும் திரையும் கண்ட ஷரீஃப் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இன்னும் ஆழமான காரணம் பாடலுக்குள்ளேயே இருக்கிறது. ஹுக்காவை இழுத்துப் பார் என்று அழைக்கும் குரல், புகைப்பவனின் வேடம் போட்ட ஞானியின் குரல். மனம் அங்கே பையாகிறது. புகை உள்நோய்க்கு மருந்தாகிறது. பாம்பாட்டிச் சித்தரைப் படித்த தமிழ் வாசகருக்கு இந்த உத்தி புதிதன்று. பாம்பை ஆடச் சொல்பவர் அங்கே வெறும் பாம்பாட்டியல்லர். ஆனால் அந்த வேடத்தைக் கழற்றிவிட்டால் பாட்டே இல்லை. ஷரீஃபிடம் வேடம் சொல்லில் நின்றது. ரகு தீட்சித் அதைக் குரலுக்கும் பிறகு உடலுக்கும் கொண்டுவந்தார். வண்ண லுங்கியும் காலில் சலங்கையுமாக அவர் மேடையேறுவதைக் கிராமியக் கோலம் என்று வாசிப்பது வழக்கம். அவரோ பரதநாட்டியம் முறையாகப் பயின்றவர், நுண்ணுயிரியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். அந்தச் சலங்கை வயலிலிருந்து வந்ததன்று, நாட்டிய வகுப்பிலிருந்து வந்தது. பாத்திரமாகவே மாறி அபிநயிக்கும் பயிற்சி பெற்ற உடல், ராக் மேடையில் அதையே செய்கிறது.

1972 ஜூனில் வெளிவந்த, கிளாம், ஆர்ட் ராக் என்னும் அந்த வரிசையைச் சேர்ந்த ராக்ஸி மியூசிக் என்ற ஆங்கிலக் குழுவின் முதல் தொகுப்பு இங்கே ஒளி தருகிறது. அதன் பாடகர் பிரையன் ஃபெர்ரி நியூகாசிலில் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டனிடம் கலை பயின்றவர். பழைய ஹாலிவுட் கவர்ச்சியையும் 1950களின் ராக் அன் ரோலையும் மின்னணு ஒலிகளையும் அக்குழு ஒன்றாகக் கோத்தது. உடையமைத்த ஆண்டனி பிரைஸின் பெயர் தொகுப்பின் உறையில் இடம்பெற்றது. ஆடையும் இசையின் ஒரு பகுதி என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு தேவையில்லை. பழையதை எடுத்தாலும் பழமைக்குத் திரும்பாத கலை அது. ஷரீஃபை எடுத்த விதமும் அதுவே. இந்த ஆங்கிலக் குழுவின் தாக்கம் மைசூர்ப் பாடகர்மேல் இருந்தது என்பதல்ல வாதம். இரண்டும் ஒரே வகை வேலை என்பதே வாதம்.

மினுக்கும் ஒப்பனையும் இல்லாமல் கிளாம் ஏது என்பார்கள். மினுக்கு அதன் மேற்பூச்சு மட்டுமே; அதன் உள்ளிருப்பது வேடம். பாடகரே தம் இசையை நாட்டார் ராக் என்று சொல்லிக்கொள்கிறாரே என்றும் கேட்கலாம். கலைஞர் சூட்டும் பெயர் சான்றுகளில் ஒன்று; அதற்குமேல் எடை அதற்கு இல்லை.

மைசூரைக் கலப்பற்ற நாட்டார் நிலமாகக் காண்பதும் வரலாற்றுக்கு ஒவ்வாது. ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகளை இசைத்தட்டில் பதிவுசெய்ய 1940களில் பொருளுதவி செய்தவர் மைசூர் மன்னர் ஜயசாமராஜேந்திர உடையார். இத்தொகுப்பில் ஊரின் பெயரைத் தாங்கிய 'மைசூர் சே ஆயி' பாடலும் இந்தியில் பாடப்படுகிறது. மைசூரிலிருந்து வந்தவளை வேறெங்கோ நின்று பார்க்கும் பார்வை அது. ஊரே ஒரு பாத்திரமாகிவிடுகிறது.

தொகுப்பு முழுவதும் ஒரே உயரத்தில் நிற்கிறது என்று சொல்ல முடியாது. வேடமின்றிக் காதலைச் சொல்லும் ஆங்கிலப் பாடலில் குரல் இளைத்துத் தட்டையாகிறது. 'குடுகுடிய சேதி நோடோ', ஒழுகும் வீட்டைப் பாடும் 'சோருதிஹுது மனிய மாளிகி' ஆகிய ஷரீஃப் பாடல்கள் இரண்டுமே இதன் சிகரங்கள். இந்திய ராக் இசையில் இவற்றுக்குரிய இடம் நாட்டாரிசை மீட்டெடுப்புகளின் வரிசையில் இல்லை, ஆர்ட் ராக்கின் முதல் வரிசையில் இருக்கிறது.