டிராக்டர் பேட்டரியும் மருந்து பம்பும்: ஒரு கருகிய ஒயரின் வரலாறு

பி.காம். படிக்கிறவனுக்கு டிராக்டர் வயரிங்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் ஹாஸ்டல் மேஜையில் ஒரு ஜாண் நீளத்துக்கு ஒரு கருகிய ஒயர் கிடக்கிறது. இந்தக் கட்டுரை அந்த ஒயரைப் பற்றியதுதான்.

போன செமஸ்டர் லீவில் மாமா ஊருக்குப் போயிருந்தேன். மாமா வரப்போரம் மருந்து அடிப்பதற்கு 12 வோல்ட் மின்சார பம்பு ஒன்று வாங்கி, 100 லிட்டர் டேங்க்கோடு டிராக்டரின் பின்னால் கட்டி வைத்திருந்தார். "டிராக்டர்லதான் ஏற்கெனவே கரண்ட் இருக்கே மாப்ள, தனியா எதுக்கு செலவு?" என்றார். எனக்கும் சரியாகவே பட்டது. பின்பக்க விளக்குக்குப் போகும் ஒயரைக் கிள்ளி, பம்பு ஒயரை முறுக்கி, டேப் சுற்றினோம். டார்ச் பிடித்தது நான்தான், எனவே குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

முதல் பத்து நிமிஷம் அருமையாக அடித்தது. பிறகு நாசிலில் வேகம் குறைந்தது. அப்புறம் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். மாமா ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். டீசல் டேங்க் அங்கிருந்து இரண்டு முழம்கூட இல்லை. அன்றைக்கு மருந்து அடிப்பது நின்றது. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

12 வோல்ட் பேட்டரி, 12 வோல்ட் பம்பு. பிறகு ஏன் கருகியது? பதில் தேடிப் போனால் அது நூறு வருஷத்துக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டது. டிராக்டருக்குள் மின்சாரம் எதற்காக வந்தது என்பது தெரிந்தால்தான் இந்தக் கேள்விக்கு விடை தெரியும்.

ஹேண்டில் அடித்த காலம்

ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் அமெரிக்காவில் 1917-ல் வந்தது. அதில் பேட்டரி கிடையாது. இன்ஜினுக்குத் தேவையான தீப்பொறியை மேக்னெட்டோ கொடுத்தது. அது காந்தத்தின் பக்கத்தில் கம்பிச்சுருள் சுற்றும் சமாச்சாரம். ஆக, இன்ஜின் சுற்றினால்தான் பொறி வரும், பொறி வந்தால்தான் இன்ஜின் சுற்றும். முதல் சுற்றை மனிதன்தான் சுற்றிவிட வேண்டும். முன்னால் ஹேண்டிலைச் செருகி முழு பலத்தோடு சுழற்றுவார்கள். இன்ஜின் பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். அதனால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஜான் டீர் கம்பெனியின் இரண்டு சிலிண்டர் டிராக்டர்களில் ஹேண்டில்கூட இல்லை. பக்கவாட்டில் இருக்கும் பெரிய ஃப்ளைவீலையே கையால் பிடித்துச் சுற்ற வேண்டும்.

கார்களில் இந்தத் தொல்லைக்கு 1912-லேயே முடிவு வந்துவிட்டது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் அந்த வருஷத்து கேடிலாக் காரில் வந்தது. நாம் "செல்ஃப்" என்று சொல்கிறோமே, அதுதான். ஆனால் டிராக்டருக்கு அது பரவலாக வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

1939 ஜூன் மாதம் அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் ஃபோர்ட் 9என் டிராக்டரை ஓட்டிக் காட்டினார்கள். ஹென்றி ஃபோர்டும் அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசனும் எழுத்தில் எதுவும் இல்லாமல், 1938-ல் வெறும் கைகுலுக்கலில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்த வண்டி அது. (எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் பின்னால் கோர்ட்டுக்குப் போய், 1952-ல் 92.5 லட்சம் டாலருக்குத் தீர்வானது. மெர்கன்டைல் லா வகுப்பில் தூங்குகிறவர்கள் கவனிக்க! :-)) விலை 585 டாலர். அந்த விலையிலேயே ரப்பர் டயர், ஸ்டார்ட்டர், டைனமோ, பேட்டரி எல்லாம் அடக்கம். விளக்கு மட்டும் அடக்கம் இல்லை. அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்!

எனக்கு இந்த விலைப்பட்டியல்தான் முக்கியமாகப் பட்டது. டிராக்டரில் பேட்டரி வைத்தது வெளிச்சத்துக்காகக்கூட இல்லை, மனிதன் கை முறியாமல் வண்டியைக் கிளப்புவதற்காக. மற்றதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டவை.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ரப்பரும் செம்பும் போருக்குப் போய்விட்டன. 1942-ல் வந்த ஃபோர்ட் 2என் வண்டிகள் பலவற்றை இரும்புச் சக்கரத்தோடும், பேட்டரிக்குப் பதில் மேக்னெட்டோவோடும் அனுப்பினார்கள். மறுபடியும் ஹேண்டில்! அதே சமயம் இங்கிலாந்தில், ஆண்கள் போருக்குப் போன பண்ணைகளில் பெண்கள் நிலப்படை என்ற அமைப்பின் பெண்கள் வேலை செய்தார்கள். உச்சத்தில் அவர்கள் 80,000 பேர். அவர்களில் டிராக்டர் ஓட்டியவர்கள், குளிர்கால விடியற்காலையில் ஃபோர்ட்சனை ஹேண்டில் போட்டுத்தான் கிளப்பினார்கள்.

மருந்து பம்பின் கதை

பம்பு வேறு வழியில் வந்தது. பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் 1878 வாக்கில் அடிச்சாம்பல் நோய் நுழைந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தால் அது அடங்கும் என்று பேராசிரியர் மில்லார்டே 1885-ல் வெளியிட்டார். இன்றும் நம் கடைகளில் கிடைக்கும் போர்டோ கலவை அதுதான். மருந்து கிடைத்ததும் அதைத் தெளிக்கக் கருவி வேண்டுமே! விக்டர் வெர்மோரல் போன்றவர்கள் முதுகில் மாட்டிக் கையால் அடிக்கும் செம்புத் தெளிப்பானைச் செய்து விற்றார்கள். நம் ஊரில் இன்னும் முதுகில் தொங்குவது அதன் வம்சம்தான்.

அடுத்தது டிராக்டர். இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் ஒரு தண்டு வழியாக எடுக்கும் வசதியை (நாம் பி.டி.ஓ. என்போம்) இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1918-ல் தன் 8-16 மாடலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு நிமிஷத்துக்கு 540 சுற்று என்பது பொதுத் தரமாயிற்று. 1945-க்குப் பிறகு 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் சந்தைக்கு வந்ததும், பி.டி.ஓ.-வில் ஓடும் பெரிய தெளிப்பான்கள் பெருகின.

ஆனால் வேலிக்கால், வரப்பு, பத்து மரம் என்று சின்ன வேலைக்கு இது அதிகச் செலவு. 540 சுற்று வர இன்ஜினை முடுக்கியே வைத்திருக்க வேண்டும். பி.டி.ஓ. தண்டு வேறு வேலைக்கும் கிடைக்காது. இந்த இடத்தில்தான் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு நுழைந்தது. கேரவன் வண்டிகளிலும் படகுகளிலும் குழாயில் தண்ணீர் வரவைத்த அதே வகை. மருந்து தாங்கும் ரப்பரும் வால்வும் போட்டால் தெளிப்பானுக்கும் ஆகும். 7, 8 ஆம்பியர் எடுக்கும். அதாவது ஏறக்குறைய 90 வாட். ஒரு ஸ்விட்ச் தட்டினால் போதும்.

ஆக, கையை உடைக்காமல் இருக்க வந்த பேட்டரியும், படகில் தண்ணீர் ஏற்ற வந்த பம்பும் ஒரே வண்டியில் சந்தித்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று செய்யப்பட்டவை அல்ல. தகராறு ஆரம்பம் அங்கேதான்.

வரவும் செலவும்

இனி நம்ம பாடம். டைனமோ என்பது வரவு. பேட்டரி என்பது சேமிப்பு. ஸ்டார்ட்டர், விளக்கு, பம்பு எல்லாம் செலவு.

ஃபோர்ட் 9என் வண்டியின் மின்சாரம் 6 வோல்ட். டைனமோ சுமார் 10 ஆம்பியர் கொடுக்கும். மொத்த வரவு 60 வாட். இன்ஜின் பொறிக்கே 3, 4 ஆம்பியர் போய்விடும். காலையில் செல்ஃப் அடித்ததில் குறைந்த சேமிப்பையும் நிரப்ப வேண்டும். மீதி எவ்வளவு? 36 வாட் மிஞ்சினால் அதிர்ஷ்டம். அதில் 90 வாட் பம்பை மாட்டினால் மாதச் சம்பளத்துக்கு மேல் வாடகை கொடுக்கிற கதை. கொஞ்ச நேரம் சேமிப்பில் ஓடும். பிறகு வயலின் நடுவில் இன்ஜினை அணைத்தால், செல்ஃப் அடிக்காது.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. அந்த ஃபோர்ட் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய வண்டிகளில் நெகட்டிவ். இது தெரியாமல் பழைய வண்டியில் புதுச் சாமானை மாட்டினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றலாம், எலக்ட்ரானிக் பகுதி இருந்தால் புகையலாம். ஃபோர்ட் 8என் மட்டும் 1947 முதல் 1952 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அமெரிக்காவில் இன்னும் பல ஓடுகின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் பலர் 12 வோல்ட் ஆல்டர்னேட்டர் போட்டு, நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபெர்குசன் கதை வேறு. அவருடைய டிஇ20 டிராக்டர் 1946-லிருந்து இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரானது. அதில் 12 வோல்ட். கியர் கம்பியை ஒரு தனி இடத்துக்குத் தள்ளினால்தான் செல்ஃப் அடிக்கும். கியரில் இருக்கும்போது வண்டி தானாகக் கிளம்பி ஆளை ஏற்றிவிடாதிருக்க அந்த ஏற்பாடு. 1953-ல் அவர் கம்பெனி மாஸ்ஸி ஹாரிஸோடு சேர்ந்தது. அந்த மாஸ்ஸி ஃபெர்குசன் வண்டிகளைத்தான் 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நம் ஊருக்குச் செய்து கொடுத்தது. எனவே இது நமக்கும் தூரத்துச் சொந்தம்தான்.

அமெரிக்கக் கார்கள் 1950-களின் நடுவில் 6-லிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. இன்ஜின் பெரிதானதால் அதைச் சுற்றிவிட அதிக பலம் தேவைப்பட்டது. ஆல்டர்னேட்டர் 1960-ல் கிரைஸ்லரின் வேலியன்ட் காரில் வந்து, பிறகு டிராக்டருக்கும் இறங்கியது. டைனமோ மெதுவாகச் சுற்றினால் ஒன்றும் கொடுக்காது. ஆல்டர்னேட்டர் இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் கொடுக்கும். மருந்து அடிக்கும்போது வண்டி ஊர்ந்துதானே போகிறது? உண்மையில் மின்சார பம்பை நிம்மதியாக ஓட்ட முடிந்தது இதற்குப் பிறகுதான்.

பிறகு ஏன் கருகியது?

மாமாவின் டிராக்டரில் 12 வோல்ட், ஆல்டர்னேட்டர் எல்லாம் இருக்கிறது. வரவு போதும். ஆனாலும் கருகியது. இதுதான் எனக்குப் புரிய நாளான விஷயம்.

ஒரே பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் கிளம்புவதைப் பாருங்கள். ஸ்டார்ட்டருக்குப் போவது விரல் தடிமன். பின்விளக்குக்குப் போவது தீக்குச்சியைவிட மெல்லிசு. அந்தச் சின்ன பல்பு ஒன்றிரண்டு ஆம்பியர் எடுக்கும் என்று கணக்குப் போட்டு, செம்பு விலை பார்த்து, யாரோ ஒரு இன்ஜினியர் அந்த அளவு ஒயரைப் போட்டார். அவர் கணக்கில் மருந்து பம்பு இல்லை.

1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், போக வர 10 மீட்டர் என்று வையுங்கள். அதன் தடை ஏறக்குறைய 0.17 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.7 வோல்ட் போய்விடும். பம்புக்குக் கிடைப்பது 10 சொச்சம். நாசில் வேகம் குறைந்தது இதனால்தான். காணாமல் போன 1.7 வோல்ட் 17 வாட் சூடாக ஒயரிலேயே உட்காரும். எங்கள் ஒயர் அதைவிட மெல்லிசு. முறுக்கிய மூட்டு சரியாகச் சேரவும் இல்லை. அங்கேதான் சூடு குவிந்தது.

சரி, ஃபியூஸ் போகவில்லையா? போகவில்லை. எப்போதோ யாரோ ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். நம் ஊர் வழக்கம்!

கம்பெனிகளும் இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் படித்தன. விளக்கு ஒயரில் கை வைக்கிற ஆட்கள் பெருகியதால், ஐரோப்பாவில் டிராக்டர்களுக்கென்றே 25 ஆம்பியர் தாங்கும் மூன்று முனை சாக்கெட்டைத் தரப்படுத்தினார்கள். முதலில் ஜெர்மனியின் டின் 9680, பிறகு 1990-களில் ஐ.எஸ்.ஓ. 12369. "பின்னால் மாட்டும் கருவிக்கும் கரண்ட் வேண்டும்" என்று ஒயரிங் ஒருவழியாக ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

மாமா வண்டியில் அந்த சாக்கெட் இல்லை. அதனால் அடுத்த வாரம் டவுனிலிருந்து எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்து வந்தோம். பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர், தடிமனாக. பேட்டரியை ஒட்டியே ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ். நடுவில் ஒரு ரிலே. பழைய விளக்கு ஒயர் இப்போது அந்த ரிலேவைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்கிறது. அதற்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். எர்த்தும் பாடியில் இல்லாமல் தனி ஒயராக பேட்டரிக்கே திரும்புகிறது. மொத்தச் செலவு மாமா மிச்சம் பிடிக்க நினைத்ததைவிட அதிகம்தான். ஆனால் பம்பு விலையோடு பார்த்தால் கொஞ்சம். மருந்து இப்போது கடைசிச் சொட்டு வரை ஒரே வேகத்தில் அடிக்கிறது.

"ஏற்கெனவே இருக்கிறது" என்பதற்கு "மீதி இருக்கிறது" என்று அர்த்தம் இல்லை. காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகத்தில் மூன்று பக்கம் படித்தும் ஏறாதது, ஒரு கருகிய ஒயரில் ஏறிவிட்டது. இருக்கிற எந்த ஒயரும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வேலைக்காகக் கணக்குப் போட்டு வைத்தது. அதில் நம் பாரத்தை ஏற்றும் முன் அது எதற்காக வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் வீட்டு டிராக்டரிலும் ஃபியூஸ் இருக்கிற இடத்தில் செம்புக் கம்பி இருக்கிறதா? இன்றைக்கே போய்ப் பாருங்கள். இருந்தால் மாற்றிவிட்டு வந்து சொல்லுங்கள்.