தலைமன்னார்: மலையகத்தின் வாயில்

ஹட்டன் புகையிரத நிலையம் கடல் மட்டத்துக்கு 4,141 அடி மேலே, தேயிலை மலைகளின் நடுவே அமைந்துள்ளது. தலைமன்னார் இறங்குதுறை நிலையமோ மன்னார்த் தீவின் மேற்கு முனையில், மணலும் கடலும் சந்திக்கும் இடத்தில் இருக்கின்றது. ஒன்றில் பனியும் தூறலும். மற்றொன்றில் வெயிலும் உப்புக்காற்றும். இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்று வினவுதல் இயல்பே. மலையகத் தமிழரின் வரலாற்றை ஆராயப் புகுவோர், அம்மக்கள் வந்த வழியைத் தேடினாலும் அவர்களுட் பலர் பிரிந்து சென்ற வழியைத் தேடினாலும், முடிவில் இச்சிறு நிலையத்துக்கே வந்து சேர்வர்.

புகையிரதம் தோன்றுமுன்னரே மன்னார்க் கரை மலைநாட்டின் வாயிலாக இருந்தது. 1820ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர் கண்டிச் சீமையிற் கோப்பி பயிரிடத் தொடங்கினர். காடு வெட்டவும் பழம் பறிக்கவும் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் அழைக்கப்பட்டனர். அவர்கள் தோணிகளிற் கடல் கடந்து மன்னார்ப் பகுதியில் இறங்கி, வன்னிக் காடுகளூடே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டவர் பலர். அவர்களுக்குக் கல்லறைகள் எழும்பவில்லை.

1869ஆம் ஆண்டு கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. சில ஆண்டுகளிற் கோப்பி அழிந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்குப் பருவகால ஆட்கள் போதுமாயிருந்தனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். எனவே, வந்து போனவர்கள் குடும்பத்துடன் தங்கலாயினர். தேயிலையை இறக்குவதற்கும் அரிசியை ஏற்றுவதற்குமாகப் புகையிரதப் பாதையும் மலையேறியது. 1867இற் கண்டியை அடைந்த பாதை, 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் தொட்டது. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களுக்கு ஹட்டனும், நுவரெலியாவுக்கு நானுஓயாவும் தலைவாசல்களாயின.

இந்த உட்பாதைக்கும் இந்தியக் கரைக்கும் இடையில் விடுபட்டிருந்த இணைப்பு 1914ஆம் ஆண்டு நிறைவுபெற்றது. அவ்வாண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரிற் புறப்பட்டவர் தனுஷ்கோடியிற் கப்பலேறி, ஏறத்தாழ 20 மைல் கடலைக் கடந்து, தலைமன்னாரிற் காத்து நிற்கும் இலங்கை வண்டியில் ஏறினார். அவ்வண்டி மன்னார், மதவாச்சி, அநுராதபுரம் வழியாகக் கொழும்பு நோக்கி ஓடியது. மலைநாடு செல்வோர் பொல்காவலைச் சந்தியில் இறங்கி, கண்டிப் பக்கமாக மலையேறும் வண்டிக்கு மாறினர். 'போட் மெயில்' என்னும் பெயர் அக்காலத்துத் தமிழர் யாவரும் அறிந்ததாயிற்று.

கனவான்கள் முதல் வகுப்பிற் சென்ற அதே பாதையிற்றான் கங்காணியின் பின்னே தொழிலாளரும் வந்தனர். ஆனால் அவர்களுக்குப் பயணம் அவ்வளவு எளிதன்று. இராமநாதபுரம் சீமையிலுள்ள மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் ஒரு முகாமை நடத்தியது. அங்கே நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்கு உட்பட்ட பின்னரே அவர்கள் கப்பலேற முடிந்தது. தொழிலாளியைப் பொறுத்தமட்டில், இலங்கையின் எல்லைக்காவல் இந்திய மண்ணிலேயே தொடங்கிவிட்டது எனலாம். வழிச்செலவும் முன்பணமும் அவன் பெயரிற் கடனாக ஏறின. அக்கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, அவனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றும் கருவியாகவும் இருந்தது. 1921ஆம் ஆண்டிலேயே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இத்தனைக்கும் இடையில் ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். அந்நாளில் தலைமன்னார்ப் பாதை இருவழிப் பாதையாகவே இருந்தது. தோட்டத்தில் உழைத்தோர் திருமணத்துக்கும் குலதெய்வத்தின் கொடைக்கும் ஊர் சென்று திரும்பினர். தாய் ஊரிலும் மகன் தோட்டத்திலுமாக வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. நடுவிற் கிடந்த கடல் அவர்களுக்கு ஓர் ஆற்றைப் போன்றது. தலைமன்னார் அதன் துறை. தோட்ட மக்கள் 'கோச்சி' என்று வழங்கிய புகைவண்டி அவர்களைக் கொண்டும் வந்தது, கொண்டும் போனது.

அத்துறை எல்லையாக மாறியதற்குக் கடல் காரணமன்று. அரசாங்கத் தாள்களே காரணம். 1939ஆம் ஆண்டு ஆகத்து முதலாந் திகதி, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. ஊர் போனால் மீண்டு வர முடியுமோ என்னும் ஐயம் அன்று பிறந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ பாட்டனோ இந்நாட்டிற் பிறந்ததற்குச் சான்று காட்டுமாறு அது கேட்டது. லயன் அறையிற் பிறந்து லயன் அறையில் மாண்டவர்களின் பிறப்புக்குச் சான்றிதழ் எங்கே தேடுவது? தேயிலைத் தூரில் உரமாகிப்போன உழைப்புக்குச் சாட்சி சொல்வார் யார்? பெருந்தொகையானோர் நாடற்றவராயினர், வாக்குரிமையும் அவர்களை விட்டு நீங்கியது.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். அதன்படி 9,75,000 மக்கள் கணக்கிடப்பட்டனர்: 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். 1974ஆம் ஆண்டு அத்தொகை இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. ஒரு குடும்பம் கொண்டு செல்லத்தக்க பணத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படலாகாது என்ற விதியும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. பங்கிடப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் அம்மேசையில் அமர்ந்திருக்கவில்லை.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன், டிசம்பர் 22ஆம் நாள் இரவு பெரும்புயல் எழுந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி, நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலில் மூழ்கியது. தனுஷ்கோடி என்னும் ஊரே அழிந்தது. ஆயினும் நாட்டுக்கு அனுப்பும் திட்டம் அழியவில்லை. அக்கரையின் துறை இராமேசுவரத்துக்கு மாறியது. இக்கரையில் தலைமன்னாரே நிலைத்தது.

அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா முதலிய நிலையங்களின் மேடைகள் பிரிவுக் களங்களாயின. தகரப் பெட்டியும் பாய்ச்சுருளும் பாத்திர மூட்டையுமாகக் குடும்பங்கள் வண்டியேறின. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை. மகளைக் கட்டிக்கொடுத்த இடம் இங்கே, பெற்றோர் போகும் இடம் அங்கே. வண்டி அசைந்ததும் எழுந்த அழுகை, இழவு வீட்டின் ஒப்பாரிக்குக் குறைந்ததன்று. மறுநாள் தலைமன்னாரில் அவர்களுட் பலர் வாழ்விலே முதன்முறையாகக் கடலைக் கண்டனர். 'தாயகம் திரும்புவோர்' என்று கோப்புகள் அவர்களைக் குறித்தன. ஆனால் அவர்களிற் பெரும்பாலோர் பிறந்த மண் அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

அக்கரையில் மண்டபம் முகாம் அவர்களை ஏற்றது. பாட்டன் வரும்போது தங்கிய முகாமிலேயே பேரன் போகும்போதும் தங்கினான். பலர் நீலகிரியிற் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலைத் தொழிலையே நாடினர். தமிழ்நாட்டு அரசாங்கம் 1968இல் அவர்களுக்கெனத் தேயிலைத் தோட்டத் திட்டமொன்றைத் தொடங்கியது. இலங்கையில் 'இந்தியாக்காரர்' எனப்பட்டவர் அங்கே 'சிலோன்காரர்' ஆயினர். கடல் தாண்டியும் அயலார் என்னும் பெயர் அவர்களை விட்டபாடில்லை.

1984ஆம் ஆண்டளவிற் போர்ச்சூழலாற் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் புறப்படாத பல்லாயிரவர் மலையகத்திலேயே தங்கினர். 1990இல் மன்னார்ப் பாதையும் பாலமும் சிதைந்தன; தலைமன்னார் நிலையம் வண்டியின்றிப் பாழடைந்தது. 2003ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. 1948இல் மூடிய கதவு முழுமையாகத் திறக்க 55 ஆண்டுகள் சென்றன. 2015ஆம் ஆண்டு மார்ச் 14ஆந் திகதி, இந்திய உதவியுடன் திருத்தப்பட்ட பாதையிற் புகையிரதம் மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. வண்டி மீண்டது, பழைய கப்பல் மீளவில்லை.

2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்ததைக் குறித்து, சூலை 28ஆந் திகதி தலைமன்னாரில் ஒரு நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் நடந்த திசையிலேயே நடந்து, ஆகத்து 12ஆந் திகதி அது மாத்தளையை அடைந்தது. அவ்வழியில் மாண்டோருக்கு நூற்றாண்டுகள் கடந்து செலுத்தப்பட்ட அஞ்சலி அது. வண்டி ஓடும் காலத்தில் அவர்கள் நடந்தே சென்றனர். சான்றிதழ் இல்லாதிருந்த வருகைக்குக் காலடிகளே சான்றாயின.

தலைமன்னார் நிலையம் இன்றும் சிறியதே. பயணி இறங்கினால் அப்பாற் செல்லத் தண்டவாளம் இல்லை, கடல்தான் உண்டு. ஒரு மனிதன் எந்நாட்டவன் என்பதை அவன் பாட்டனின் பிறப்புச் சீட்டுச் சொல்லவேண்டுமா, அவன் வியர்வை சிந்திய மண் சொல்லவேண்டுமா என்னும் வினாவை, இந்நாட்டில் அச்சிறு மேடையைப் போல் நெடுங்காலம் தாங்கி நின்ற இடம் வேறில்லை. மலையகப் பிள்ளைகள் தேயிலையின் வரலாற்றைப் படிக்கும்போது, அம்மேடையின் வரலாற்றையும் சேர்த்தே படித்தல் தகும்.