கொளஞ்சி எங்கே போனார்? - ஒரு க்வெரியின் வரலாறு

விருத்தாசலம் பக்கம் யாரையாவது 'கொளஞ்சி'ன்னு கூப்பிட்டுப் பாருங்க, நாலு பேராவது திரும்பிப் பார்ப்பாங்க. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் பேரை வெக்கறது எங்க பக்கத்து வழக்கம். கம்மாபுரம் ஒன்றியத்துல எந்தப் பட்டியலை எடுத்தாலும் ரெண்டு மூணு கொளஞ்சியாவது இருக்கணும். ஆனா ஒரு காலத்து ஆக்சஸ் ஃபைல்கள்ல 'க'வில் தொடங்கும் பெயர்களைத் தேடினா, இவங்க ஒருத்தர்கூட வரமாட்டாங்க. ஃபைல்ல இருப்பாங்க, க்வெரியில இருக்கமாட்டாங்க. ஏன்னு சொல்லப்போனா அது தமிழ்க் கணிமையோட கதையாவே ஆயிடுது.

க்வெரிப் பிழையில ரெண்டு சாதி உண்டு: கத்துறது, கத்தாதது.

கத்துறது சுலபம். காலத்தின் (அதாங்க, காலம், ஃபீல்டு) பேரை ஒரு எழுத்து தப்பா அடிச்சா 3061-ம் எண் பிழை வரும், 'டூ ஃப்யூ பாராமீட்டர்ஸ், எக்ஸ்பெக்டட் 1'னு. தெரியாத பேரைப் பார்த்தா அது ஏதோ நாம தரவேண்டிய மதிப்புன்னு ஆக்சஸ் நினைச்சுக்குது, அவ்வளவுதான். எண்ணா வெச்ச காலத்துல எழுத்தைக் கொடுத்துத் தேடினா 3464, டேட்டா டைப் மிஸ்மேட்ச். இதெல்லாம் முகத்துல அடிச்ச மாதிரி வரும், நாமளும் திருத்திடுவோம்.

கத்துறதிலேயே பெரிய கத்தல் 2019 நவம்பர் 12-ல் வந்தது. மைக்ரோசாஃப்ட் அன்னிக்கு விட்ட பாதுகாப்பு அப்டேட்டைப் போட்டவங்களுக்கு, நேத்து வரைக்கும் ஓடின க்வெரி 3340-ன்னு பிழை காட்டி நின்னுது: 'க்வெரி கெட்டுப்போச்சு'. உண்மையில க்வெரி கெடல. ஒரே ஒரு டேபிளை, நிபந்தனை போட்டு அப்டேட் பண்ற க்வெரிகளை மட்டும் புது அப்டேட் தப்பாப் புரிஞ்சுக்கிட்டது. அந்த டேபிள் மேல சும்மா ஒரு செலக்ட் க்வெரி எழுதி, டேபிளுக்குப் பதிலா அதை அப்டேட் பண்ணினா வேலை நடக்கும்னு வழி கண்டுபிடிச்சு சமாளிச்சாங்க. சில வாரத்துல எல்லா வெர்ஷனுக்கும் திருத்தம் வந்துடுச்சு. உலகமே கத்தினதால வந்தது.

கொளஞ்சிக்காக யாரும் கத்தல. ஏன்னா பிழைன்னு ஒண்ணு திரையில வரவே இல்லை. க்வெரி ஒழுங்கா ஓடி, ஒழுங்கா தப்பான விடையைக் கொடுத்தது.

கொஞ்சம் பின்னாடி போவோம். ஐ.பி.எம்.மில் இருந்த காட் 1970-ல் ரிலேஷனல் மாடலை எழுதினார். 1974-ல் சேம்பர்லினும் பாய்ஸும் சீக்வெல்னு ஒரு மொழியைக் கொண்டுவந்தாங்க, அதுதான் இன்னிக்கு எஸ்.க்யூ.எல். அதே ஐ.பி.எம்.மில் 1970-களின் நடுவில் ஸ்லூஃப், கட்டத்துக்குள்ள உதாரணத்தை எழுதிக் கேள்வி கேட்கிற முறையை உருவாக்கினார். ஆக்சஸ் க்வெரியைத் திறந்தா கீழே வருதே கட்டம், அது இவர் வழி வந்ததுதான். 1992-ல் ஆக்சஸ் முதல் வெர்ஷன் வந்தது. அதே வருஷம் ஃபாக்ஸ்ப்ரோவையும் மைக்ரோசாஃப்ட் வாங்கிப் போட்டது.

இதுல எங்கேயும் தமிழ் இல்லை. ஆக்சஸ் 97 வரைக்கும் ஒரு எழுத்துக்கு ஒரு பைட். நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க? ஆங்கில எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் வடிவத்தை வரைஞ்சு எழுத்துரு செஞ்சாங்க. பாமினி அப்படித்தான். ஃபைலுக்குள்ள இருக்கிறது ஆங்கிலம், கண்ணுக்குத் தெரியறது தமிழ். எழுத்துருவை மாத்தினா ஜிலேபி பிழியும்னு நம்ம பதிவர்களுக்கு நான் சொல்லணுமா என்ன!

படிக்கிறவரைக்கும் பிரச்சினை இல்லை. கேள்வி கேட்டாத்தான் வம்பு.

முதல் வம்பு, கொம்பு. 'கொ'வை டைப் அடிக்கிறப்ப கொம்பு, க, கால்னு கண்ணுக்குத் தெரியற வரிசையிலேயே சேமிக்கும். ஆக, கொளஞ்சியோட முதல் எழுத்து 'க' இல்லை, கொம்பு! 'க*'ன்னு லைக் போட்டா வரமாட்டார். கெ, கே, கை, கொ, கோ, கௌ எல்லாத்துக்கும் இதே கதி. பன்னிரண்டு உயிர்ல ஆறு போச்சு. வரிசைப்படுத்தினா இன்னும் கூத்து. கொளஞ்சியும் செல்வியும் வெங்கடேசனும் கொம்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரே இடத்துல நிப்பாங்க. பாமினியில 'ய' ஆங்கில ஏ சாவியில இருக்கு, 'அ' எம் சாவியில. அதனால அமுதாவுக்கு முன்னாடி யசோதா வந்துடுவாங்க.

ரெண்டாவது வம்பு இன்னும் மோசம். பாமினியில சின்ன ஜி 'ப', பெரிய ஜி 'பு'. ஆக்சஸோ சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. அது கணக்குல 'பலி'யும் 'புலி'யும் ஒண்ணு, 'கணம்'தான் 'குணம்'. அந்தக் காலத்தை இண்டெக்ஸ்ல 'திரும்ப வரக்கூடாது'ன்னு வெச்சிருந்தா, பலி இருக்கிற இடத்துல புலியைச் சேர்க்கவே விடாது, 3022-ன்னு பிழை காட்டும். ஸ்ட்ர்காம்ப் ஃபங்ஷன்ல மூணாவது இடத்துல 0 போட்டு, பைட் பைட்டா ஒப்பிடச் சொன்னாத்தான் தப்பிக்கலாம்.

ஊர்ப் பக்கம் ஒரு சின்னச் சங்கத்தோட பழைய ஃபைலை ஒருமுறை பார்க்கக் கிடைச்சது. அந்த மாமா சொன்னது: "தம்பி, கம்ப்யூட்டர்ல இல்லைன்னா அவன் உறுப்பினரே இல்லைன்னு ஆயிடுதுப்பா. நோட்டைப் புரட்டிக் காட்டினாலும் நம்ப மாட்டேங்கறாங்க." பிழை எண் வராத பிழைக்கு விலை இதுதான். நிரல்ல ஒரு கொம்பு இடம் மாறினா, வெளியில ஒரு மனுஷன் வரிசையில நின்னுட்டு வெறுங்கையோட திரும்புவான்.

எழுத்துரு ஆளுக்கு ஒண்ணா இருந்ததுக்கு முடிவு கட்ட, 1997-ல் சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் மாநாடு நடத்தினார். 1999-ல் சென்னையில அடுத்த மாநாடு. அதையொட்டி தமிழக அரசு டாப், டாம் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏத்துக்கிட்டது. இணையத்துல டிஸ்கி ஓடிச்சு. இதெல்லாம் எழுத்துரு சண்டையைக் குறைச்சது நிஜம். ஆனா டாப், டிஸ்கி ரெண்டுலயும் கொம்பு முன்னாடிதான். கொளஞ்சி அப்பவும் தொலைஞ்சுதான் கிடந்தார்.

அவரை மீட்டது யூனிகோடு. ஆக்சஸ் 2000-ல் யூனிகோடு சேமிப்பு வந்தது, விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துரு வந்தது. யூனிகோடுல முதல்ல 'க', அப்புறம்தான் 'ொ'. இப்ப 'க*' போட்டா கொளஞ்சி வந்து நிப்பார். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துல தமிழக அரசும் யூனிகோடை ஏத்துக்கிட்டது, கூடவே டேஸ் 16-ஐயும்.

சுபம் போட்டுடலாமா? இருங்க. 'ொ' குறி ஒரே எண்ணாவும் (3018) வரலாம், 'ெ' (3014), 'ா' (3006)ன்னு ரெண்டாவும் வரலாம். ரெண்டும் சமம்னு யூனிகோடு விதியே சொல்லுது. எண்ணை மட்டும் ஒப்பிடுற நிரலுக்கு அது புரியாது. அகரவரிசையிலும் சிக்கல். 1988 இஸ்கியை ஒட்டி வந்ததால ந-வுக்குப் பக்கத்துல ன, ர-வுக்குப் பக்கத்துல ற உட்கார்ந்திருக்கு. எண் வரிசையில அடுக்கினா மனோகரன் முன்னாடி, மயில்சாமி பின்னாடி. தமிழ் அகராதியில தலைகீழ்.

குறியீடு சரியானாலும் ஊர்ப்பேர் விடாது. விருத்தாசலம், விருத்தாச்சலம், விருதாச்சலம்னு மூணு விதமா எழுதி க்ரூப் பை போட்டா மூணு ஊர். மாவட்டமோ 1993 வரை தென்னாற்காடு, பிறகு தென்னாற்காடு வள்ளலார், 1997-ல் தலைவர் பெயர்களை எடுத்தப்ப கடலூர். இடம் மாறாம கம்மாபுரம் மூணு மாவட்டம் பார்த்துடுச்சு. ஊருக்கு ஒரு எண் கொடுத்து, பேரைத் தனி டேபிள்ல வெக்கறதுதான் இதுக்கு மருந்து.

இப்ப இருக்கிற அவசரம் வேற. ஆக்சஸ் 97 ஃபைலை ஆக்சஸ் 2013-ம் அதுக்கு அப்புறம் வந்ததும் திறக்காது. திறந்து மாத்தித் தர்ற கடைசி வெர்ஷன் 2010. அதுக்கும் 2020 அக்டோபரோட ஆதரவு நின்னுபோச்சு. உங்க ஊர் நூலகம், சங்கம், பட்டறை எதிலாவது பழைய எம்.டி.பி. ஃபைல் கிடந்தா, பழைய கணினி ஓடுறப்பவே மாத்திடுங்க. எந்த எழுத்துருவில அடிச்சதுன்னு அந்த ஆளையே கேட்டு எழுதி வெச்சுக்கங்க, பின்னாடி அதைச் சொல்ல ஆள் இருக்காது. மாத்தின பிறகு மொத்த எண்ணிக்கையைப் பாருங்க, கூடவே கெ, கை, கொ, கோ பேருங்களைக் கையால எண்ணி ஒப்பிடுங்க.

பி.கு: எங்க பக்கம் குறையைக் காகிதத்துல எழுதி கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டுவாங்க. க்வெரிக்குப் பிராது கட்டினா நடக்குமான்னு தெரியல, ஆனா கட்டறதா இருந்தா கொம்பை சரியா போடுங்க சாமி!